லினக்ஸ் மின்ட் நிறுவும்போது காலி இடம் ‘அன்யூசபிள்’ என்று வருகிறது, உதவுங்கள்

கேட்டவர்:

வணக்கம். நேற்று மாலையிலிருந்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய மடிக்கணினி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் (விண்டோஸ் 465 என்று காட்டுகிறது), விண்டோஸ் 10 ஓடுகிறது. அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தையும் போட வேண்டும். டிஸ்க் மேனேஜ்மெண்டில் டி டிரைவை ‘ஷ்ரிங்க்’ கொடுத்து 100 ஜிபி காலி இடம் எடுத்தேன், கறுப்புப் பட்டையாக ‘அன்அலகேட்டட்’ என்று அழகாக வந்துவிட்டது. பென்டிரைவில் பூட் செய்து, நிறுவும்போது ‘சம்திங் எல்ஸ்’ போனால் அதே 100 ஜிபிக்கு நேராக ‘அன்யூசபிள்’ என்று இருக்கிறது. கூட்டல் குறியை அழுத்தவே முடியவில்லை, மங்கலாக இருக்கிறது.

இப்போது டிஸ்கில் வரிசையாக இருப்பவை: சிஸ்டம் ரிசர்வ்டு 500 எம்பி, சி 150 ஜிபி, டி 214 ஜிபி, காலி இடம் 100 ஜிபி, கடைசியில் ரெக்கவரி 500 எம்பி சொச்சம். டி டிரைவில்தான் பத்து வருடப் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. அதற்கு எதுவும் ஆகக் கூடாது, அதுதான் பயம்.

பதில் 1:

காலி இடத்தை அப்படியே விட்டால் லினக்ஸுக்குப் புரியாமல் இருக்கலாம். விண்டோஸிலேயே அதில் ‘நியூ சிம்பிள் வால்யூம்’ போட்டு ஒரு இ டிரைவ் உருவாக்குங்கள், அப்புறம் மின்ட் நிறுவும்போது அதை ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

கேட்டவர்:

செய்து பார்த்தேன். கடைசியில் ஒரு பெட்டி வந்து, இந்த டிஸ்க் டைனமிக் டிஸ்காக மாறும், சரியா என்று கேட்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை, அப்படியே திறந்து வைத்திருக்கிறேன். ‘யெஸ்’ கொடுக்கலாமா?

பதில் 2:

வேண்டாம்! ‘நோ’ கொடுத்து வெளியே வாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் இதே பெட்டிக்கு ‘யெஸ்’ கொடுத்தவன். டைனமிக் டிஸ்க் என்பது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு முறை. மாறிய பிறகு மின்ட் நிறுவியில் என் பார்ட்டிஷன்கள் (டிஸ்கைப் பிரித்த பகுதிகள்) எல்லாமே ‘எஸ்எஃப்எஸ்’ என்று ஏதோ அந்நியப் பொருள் மாதிரி வந்தன, எதிலும் நிறுவ முடியவில்லை. திரும்ப பேசிக் டிஸ்காக்க விண்டோஸ் கொடுக்கும் வழி ஒன்றுதான், அதிலுள்ள வால்யூம்கள் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். நான் மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு நகலெடுத்து, முதலிலிருந்து விண்டோஸ் போட்டேன். உங்களுக்கு அது வேண்டாம்.

கேட்டவர்:

‘நோ’ கொடுத்துவிட்டேன். காலி இடம் பழையபடியே இருக்கிறது. மிக்க நன்றி, கை நடுங்கிவிட்டது.

பதில் 3:

நல்ல வேளை கேட்டீர்கள். உங்கள் டிஸ்கில் எந்தக் கோளாறும் இல்லை. அது எம்பிஆர் வகை, அதாவது பார்ட்டிஷன் பட்டியலை டிஸ்கின் முதல் செக்டாரிலேயே வைக்கும் பழைய முறை, அதனால்தான் இந்தச் சிக்கல். டிஸ்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் பூட் செய்யும் நிரலுக்குப் போய்விடும், கடைசி 2 பைட் அடையாளக் குறி, நடுவில் மிஞ்சும் 64 பைட்டில்தான் பார்ட்டிஷன் பட்டியல் முழுவதும் அடங்க வேண்டும். ஒரு பார்ட்டிஷனின் விவரத்துக்கு 16 பைட், ஆக நான்கே நான்கு இடம். 1983-ல் டாஸ் 2.0 காலத்தில் வகுத்த கணக்கு, அன்றைக்கு அதுவே தாராளம். உங்களிடம் சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, ரெக்கவரி என்று நான்கும் நிரம்பிவிட்டன. 100 ஜிபி இல்லை 300 ஜிபி காலியாக இருந்தாலும் அதைப் பதிந்துவைக்கப் பட்டியலில் வரி இல்லை. அதைத்தான் ‘அன்யூசபிள்’ என்கிறது.

நான்கில் ஒன்றை விடுவித்தால் அந்த இடத்தில் ‘எக்ஸ்டெண்டட்’ என்று ஒன்றை உருவாக்கலாம், அதற்குள் ‘லாஜிக்கல்’ பார்ட்டிஷன்கள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். எதை விடுவிப்பது என்பதுதான் கேள்வி.

பதில் 1:

முதலில் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அப்படியென்றால் சிஸ்டம் ரிசர்வ்டை எடுத்துவிடலாமே, வெறும் 500 எம்பிதான், அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறதே? இல்லையென்றால் ஜிபிடி என்ற புதிய பட்டியல் முறைக்கு மாற்றிவிட்டால் நான்கு என்ற தொல்லையே இருக்காது.

பதில் 3:

சிஸ்டம் ரிசர்வ்டைத் தொடவே கூடாது. விண்டோஸ் கிளம்புவதற்கான பூட் மேனேஜர் அதற்குள்தான் இருக்கிறது. சி, டி மாதிரி எழுத்து ஒதுக்காமல் மறைத்து வைத்திருப்பதால் காலி என்று தோன்றும். அதை அழித்தால் அடுத்த முறை விண்டோஸ் எழுந்திருக்காது.

ஜிபிடி நல்லதுதான், வழக்கமாக அதில் 128 பார்ட்டிஷன் வரை வைக்கலாம். ஆனால் ஜிபிடி டிஸ்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யுஇஎஃப்ஐ (கணினியைக் கிளப்பும் பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த மென்பொருள்) இருந்தே ஆக வேண்டும். கேட்டவர் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘லெகசி’ என்று இருந்து, பயாஸ் அமைப்புக்குள்ளும் யுஇஎஃப்ஐ என்ற பேச்சே இல்லையென்றால் அந்த வழி மூடியாயிற்று. இருந்தாலும்கூட, தரவு அழியாமல் மாற்றித் தரும் எம்பிஆர்டுஜிபிடி என்ற மைக்ரோசாஃப்ட் கருவி, பிரைமரி பார்ட்டிஷன் (அந்த நான்கு வரிகளில் நேரடியாக இடம்பிடிப்பது) மூன்றுக்கு மேல் இருந்தால் வேலை செய்யாது. உங்களிடம் நான்கு.

கேட்டவர்:

‘லெகசி’ என்றுதான் இருக்கிறது. பயாஸிலும் யுஇஎஃப்ஐ என்று எங்கேயும் இல்லை. அப்படியானால் டி டிரைவைத்தான் அழிக்க வேண்டுமா?

பதில் 3:

இல்லை, டியைத் தொட வேண்டாம். ரெக்கவரியை விடுவிக்கலாம், அதுவும் அதிலுள்ள வசதியை இழக்காமலே. காலி இடத்தை ஒட்டியே இருப்பதால் இன்னும் வசதி.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, ரீஏஜென்ட்சி என்ற கட்டளையை முதலில் ‘இன்ஃபோ’ சேர்த்து ஓட்டுங்கள். பழுதுபார்க்கும் சூழல் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று காட்டும். ‘பார்ட்டிஷன்4’ என்று முடிந்தால் நாம் நினைத்ததுதான். வேறு எண் வந்தால் மேலே போகாமல் இங்கே எழுதுங்கள். சரியாக இருந்தால் அதே கட்டளையை ‘டிசேபிள்’ சேர்த்து ஓட்டுங்கள், பழுதுபார்க்கும் சூழலின் கோப்பு சி டிரைவுக்கு வந்துவிடும். பிறகு மின்ட் பென்டிரைவில் பூட் செய்து, ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து, கடைசியிலுள்ள அந்த 500 எம்பியை மட்டும் அழியுங்கள். ஜிபார்ட்டடில் பச்சை டிக் அழுத்தும்வரை எதுவும் டிஸ்கில் எழுதப்படாது, அதனால் கீழே வரும் பட்டியலில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். திரும்ப விண்டோஸுக்கு வந்து அதே கட்டளையை ‘எனேபிள்’ சேர்த்து ஓட்டினால் ரெக்கவரி சி டிரைவுக்குள்ளேயே குடியேறிவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு புகைப்படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’. முடிந்ததும் பழைய வருடம், புது வருடம் என்று அங்கங்கே இருபது படங்களை அந்த டிஸ்கிலிருந்தே திறந்து பாருங்கள். டியைத் தொடப்போவதில்லை, உண்மைதான். இருந்தாலும் பார்ட்டிஷன் பட்டியலில் கை வைக்கும் எந்த வேலையையும் ஒரே நகலை வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்?

பதில் 2:

இன்னும் இரண்டு விஷயம். நிறுவும்போது காலி இடத்தில் கூட்டல் குறி அழுத்தி, வகை ‘லாஜிக்கல்’, லினக்ஸின் கோப்பு முறையான ‘எக்ஸ்ட்4’, மவுண்ட் பாயின்ட்டில் சாய்கோடு (/) மட்டும். எக்ஸ்டெண்டடை நிறுவியே உருவாக்கிக்கொள்ளும். ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) பார்ட்டிஷன் தனியாகத் தேவையில்லை, ஸ்வாப் ஃபைல் தானாக உருவாகும். சி, டி வரிகளில் ‘ஃபார்மட்’ கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

அடுத்தது, கீழே பூட் லோடர் (இயங்குதளத்தைக் கிளப்பும் நிரல்) எங்கே என்று கேட்கும் இடத்தில் எஸ்டிஏ என்று டிஸ்கின் பெயரையே கொடுங்கள், எஸ்டிஏ5 மாதிரி எண் சேர்ந்ததைக் கொடுக்காதீர்கள். பென்டிரைவும் எஸ்டிபி என்று அதே பட்டியலில் நிற்கும். தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் பென்டிரைவைக் கழற்றியதும் மின்ட் காணாமல் போகும்.

கேட்டவர்:

முடிந்துவிட்டது! நகலெடுக்கவே ஐந்து மணி நேரம் ஆனது. ‘பார்ட்டிஷன்4’ என்றுதான் வந்தது. அழித்த பிறகு நிறுவியில் பார்த்தால் ‘அன்யூசபிள்’ போய் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று மாறியிருந்தது, கூட்டல் குறியும் வேலை செய்தது. புது பார்ட்டிஷன் எஸ்டிஏ5 என்று வந்திருக்கிறது, நான்கு எங்கே போனது?

இன்னொன்று, மின்டில் டி டிரைவ் திறக்கிறது, படங்கள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் புதிதாக ஒரு ஃபோல்டர்கூட உருவாக்க முடியவில்லை. ஏதாவது கெட்டுவிட்டதா?

பதில் 3:

நான்கு என்பது எக்ஸ்டெண்டட். லாஜிக்கல் எப்போதும் ஐந்திலிருந்துதான் எண்ணப்படும்.

டி கெடவில்லை. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது அதன் டிரைவில் எழுதினால் கோப்புகள் குழம்பிவிடும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஒரு முறை முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு மின்டுக்கு வாருங்கள்.

கேட்டவர்:

எடுத்துவிட்டேன். இப்போது டியில் எழுத முடிகிறது. விண்டோஸில் ‘எனேபிள்’ கொடுத்து ‘இன்ஃபோ’ பார்த்தேன், ரெக்கவரி இப்போது சி டிரைவ் இருக்கும் பார்ட்டிஷன்2-ல் இருக்கிறது. நகலெடுத்த வெளி டிஸ்கை அழிக்காமல் அப்படியே தனியாக வைத்திருக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.