கண்காணிப்புக் கமராக்களை ஏமாற்றும் கண்ணாடியும் ஸ்வெட்டரும் உண்மையில் பயன் தருமா?

குரொய்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 ஒக்டோபரில் தெற்கு லண்டனில் உள்ள எங்கள் குரொய்டன் நகர மையத்து விளக்குக் கம்பங்களில், முகங்களை அடையாளம் காணும் பொலிஸ் கமராக்கள் நிலையாகப் பொருத்தப்பட்டன. அன்றிலிருந்து மகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்கிறேன். நான் எந்தக் குற்றமும் செய்தவள் அல்ல. ஆனாலும், கொழும்பின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்த எனக்கு, இப்போது முகமே அட்டையாகி, என்னிடம் கேட்காமலே வாசிக்கப்படுகிறது என்ற நினைப்பு பெரும் பாரமாக இருக்கிறது.

இணையத்தில் தேடியபோது மூன்று பொருட்கள் கண்ணில் பட்டன. ஒன்று, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் அல்லது திருப்பி அனுப்பும் கண்ணாடி. இரண்டாவது, மென்பொருளைக் குழப்பும் என்று சொல்லப்படும் வடிவங்கள் பின்னிய ஸ்வெட்டர். மூன்றாவது, ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தைக் கெடுக்கும் ஸ்கார்ஃப். ஸ்வெட்டரின் விலையோ சில நூறு பவுண்.

எனக்குத் தேவை மூன்று இடங்களில்: நகர மையத் தெரு, இரவில் எங்கள் வாசலையும் சேர்த்துப் பார்க்கும் அயலவரின் அழைப்புமணிக் கமரா, மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்காக மத்திய லண்டன் செல்லும் பொழுது. ஊரில் என் தம்பியின் குடும்பம் இருப்பதால் மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். இவற்றில் எதை வாங்கினால் பணம் வீணாகாது?

கமரா பூட்டுபவன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பல ஆண்டுகளாகக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கமரா பூட்டி வருகிறேன். ஆகவே கண்ணாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கமராவில் ஒளியைப் பதியும் உணரிக்கு (சென்சர்) நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் தெரியும். பகலில் அந்த ஒளி படத்தின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பதால், உணரிக்கு முன்னால் ஒரு வடிகட்டி நிற்கும். இருட்டியதும் ஒரு சிறு 'டிக்' ஒலியோடு அது விலக, கமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அவை பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை. உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குச் சற்றும் தெரியாது.

எனவே, ஒளியைத் திருப்பி அனுப்பும் சட்டகத்தை இரவில் அணிந்தால், கமராவின் விளக்கு தன் இடத்துக்கே திரும்பி வந்து, படத்தில் உங்கள் கண்களைச் சுற்றி ஒரு வெள்ளைப் பிழம்பாகத் தெரியும். கமராவும் தன் வெளிச்ச அளவைக் குறைத்துக்கொள்ள, முகத்தின் மற்றப் பகுதிகள் மேலும் இருண்டுபோகும். அகச்சிவப்பைத் தடுக்கும் வில்லைகளோ அதே படத்தில் கறுப்புக் கண்ணாடிபோல் தெரிந்து கண்களை மறைக்கும். பகலில் இந்த இரண்டிலும் பயனில்லை. வடிகட்டி முன்னால் நிற்கும்போது அகச்சிவப்புக்கு அங்கே வேலையே இல்லை. நகர மையத்தில் பட்டப்பகலில் நடப்பவருக்கு அது வெறும் மூக்குக் கண்ணாடிதான்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சைக்கிள் ஓட்டுபவர்களின் மேலங்கியில் இருக்கும் வெள்ளி நிற ஒளித்திருப்பு நாடா சில பவுணுக்குக் கிடைக்கும். அதைத் தொப்பியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக் கமரா முன் இரவில் நின்று பாருங்கள். விலையுயர்ந்த சட்டகத்திலும் செயற்படுவது அதே தத்துவம்தான்.

ஆனால் அழைப்புமணிக் கமராவுக்குக் கண்ணாடி சரியான தீர்வு அல்ல. பெரும்பாலான கமராக்களில் படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும் வசதி உண்டு. அதைப் போடும்படி அயலவரிடம் கேளுங்கள். 2021 இல் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றம் ஒன்று, அயலவரின் கமராக்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அவை தூரத்து உரையாடலையும் பதிவு செய்யக்கூடியவையாக இருந்தது அதில் முக்கியமான குறையாகக் கருதப்பட்டது. ஒலிப்பதிவை நிறுத்தும்படியும் சேர்த்தே கேளுங்கள்.

கோவைத்தமிழ் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கணினிப் பார்வைத் துறையில் வேலை செய்பவன். அந்த ஸ்வெட்டரை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அது ஏமாற்று வேலை என்பதற்காக அல்ல. அது வேறொரு கேள்விக்கான விடை என்பதற்காக.

கேமராவுக்குப் பின்னால் மென்பொருள் பல வேலைகளைச் செய்கிறது. 'இங்கே ஒரு மனிதர் இருக்கிறார்' என்று கண்டறிவது ஒன்று. 'இங்கே ஒரு முகம் இருக்கிறது' என்று கண்டறிவது இன்னொன்று. 'இந்த முகம் பட்டியலில் உள்ள இன்னாருடையது' என்று ஒப்பிடுவது மூன்றாவது. 2019இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயிற்றுக்கு முன்னால் பிடித்த ஒரு வண்ண அட்டையால், யோலோ என்ற மென்பொருளின் இரண்டாம் பதிப்பு மனிதரையே காணாமல் போகும்படி செய்து காட்டினார்கள். பின்னலாடைகள் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அத்தகைய வடிவம், எந்த மென்பொருளை எதிர்த்துக் கணக்கிடப்பட்டதோ அதனிடம்தான் நன்றாகச் செல்லுபடியாகும். துணி மடிந்தாலோ, நீங்கள் பக்கவாட்டில் திரும்பினாலோ, தூரம் கூடினாலோ அதன் வலு குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, காவல்துறையின் நேரடி முகமறிதல் உங்கள் ஸ்வெட்டரைப் பார்ப்பதில்லை; முகத்தைத்தான் பார்க்கிறது.

முக ஒப்பனைக்கும் இதே கதிதான். 2010இல் ஆடம் ஹார்வி என்ற கலைஞர், முகத்தில் கறுப்பு வெள்ளைத் திட்டுகளும் நெற்றியில் சரியும் முடியுமாக வடிவமைத்த ஒப்பனை, 2001இல் வெளியான வயோலா-ஜோன்ஸ் என்ற முகம் கண்டறியும் முறையை எதிர்த்தது. இன்றைய மென்பொருள்கள் ஏராளமான படங்களைப் பார்த்துத் தாமே கற்றுக்கொள்ளும் ஆழ்நரம்பு வலையமைப்புகள். அந்த ஒப்பனை அவற்றை மனத்தில் வைத்து உருவானதல்ல. டோக்கியோவின் தேசியத் தகவலியல் நிறுவனத்தில் இசாவ் எச்சிசென் முதலில் அகச்சிவப்பு விளக்குகள் பதித்த கண்ணாடியைச் செய்து, பிறகு விளக்கும் மின்கலமும் இல்லாமல் ஒளியைத் தெறிக்கச் செய்யும் முகக்கவசக் கண்ணாடியாக அதை மாற்றினார். சிந்தனை அழகானது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் எதிரில் வரும் மனிதர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒப்பிடுவதை உண்மையில் கடினமாக்குவது சாதாரணத் துணிதான். 2020 ஜூலையில் அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், பெருந்தொற்றுக்கு முன் உருவான 89 மென்பொருள்களை முகக்கவசப் படங்களோடு சோதித்தபோது, சிறந்தவற்றுக்கே 5 முதல் 50 விழுக்காடு வரை பிழை வந்தது. மூக்கை எவ்வளவு அதிகமாக மறைத்தார்களோ அவ்வளவு பிழை கூடியது. அதற்குப் பிறகு வந்த மென்பொருள்கள் முன்னேறிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே முகக்கவசத்தோடு, விளிம்பு நீண்ட தொப்பியும் குளிர்காலத்தில் மூக்குவரை இழுத்துவிடும் கழுத்துத் துணியும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்தால்தான் பலன் உண்டு.

வழக்குரைஞர் அண்ணை எழுதியது:

தங்கைக்கு, நான் ஒரு சட்ட உதவி நிலையத்தில் தொண்டனாக இருக்கிறேன். எதை அணிவது என்பதைப் போலவே, எப்போது அணிவது என்பதும் முக்கியம்.

இங்கிலாந்தில் தெருவில் முகத்தை மறைப்பதற்குப் பொதுவான தடை கிடையாது. ஆனால் 1994 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 60AA பிரிவின்படி, ஓர் இடத்தில் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த அனுமதி பிறப்பிக்கப்பட்டிருந்தால், அடையாளத்தை மறைக்கவே அணிந்ததாகத் தாம் நம்பும் துணியைக் கழற்றும்படி சீருடைப் பொலிஸார் கேட்கலாம், மறுப்பது குற்றம். 2019 இல் கிழக்கு லண்டனின் ரொம்ஃபோர்டில், பரீட்சார்த்தமாக வைத்த முகமறிதல் கமராவைக் கடக்கும்போது முகத்தை மூடிக்கொண்ட ஒருவரைப் பொலிஸார் நிறுத்தினர். வாக்குவாதம் முற்றி, ஒழுங்கீனமாக நடந்ததாக அவருக்கு 90 பவுண் அபராதம் விதித்தனர். மூடியதற்காக அல்ல, அதன் பின் நடந்ததற்காக. எனவே யாராவது நிறுத்தினால் குரலை உயர்த்தாமல், எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்துகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

குரொய்டன் கமராக்களின் முகமறிதல் எந்நேரமும் இயங்குவதில்லை. அதிகாரிகள் அப்பகுதியில் பணியில் இருக்கும்போதுதான் இயக்குகிறார்கள் என்று லண்டனின் மெட் பொலிஸ் கூறுகிறது. தேடப்படுவோர் பட்டியலோடு பொருந்தாத முகத்தின் தரவு உடனே அழிக்கப்படுகிறது என்றும் கூறுகிறது. அறிவிப்புப் பலகையைக் கண்டால் வேறு வீதியால் போகலாம். பிள்ளையோடு போகும்போது அதுவே நல்ல வழி.

நினைவேந்தலில் நீங்கள் அஞ்சுவது மெட் பொலிஸின் கமராவுக்கு அல்ல, கூட்டத்துக்குள் நின்று கைபேசியால் படமெடுத்து எங்கோ அனுப்பும் மனிதருக்கு என்று நினைக்கிறேன். 2009 இல் பாராளுமன்றச் சதுக்கத்தில் நாங்கள் வாரக்கணக்கில் நின்றபோதும் எங்கள் அச்சம் அதுதான். அந்தப் படம் மனிதக் கண்ணுக்காக எடுக்கப்படுவது. மென்பொருளைக் குழப்பும் எந்த வடிவமும் உங்களைத் தெரிந்த ஒருவரின் கண்ணை மறைக்காது. பகலில் யாரும் ஃபிளாஷ் போடுவதில்லை, ஆகவே ஸ்கார்ஃபும் உதவாது. முகக்கவசம், குடை, பலரும் அணியும் கறுப்பு மேலங்கி ஆகியவை போதும். ஊருக்கெல்லாம் தெரிந்த நிறச் சேலையையோ கைப்பையையோ அன்று தவிர்த்துவிடுங்கள்.

குரொய்டன்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்வெட்டரையும் ஸ்கார்ஃபையும் விட்டுவிட்டேன். நேற்றிரவு நாடாவைத் தொப்பியில் ஒட்டி எங்கள் கமரா முன் நின்றேன். கமரா பூட்டும் தம்பி சொன்னதுபோலவே நெற்றிக்கு மேல் ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆனாலும் அயலவரிடம் நேரில் பேசவே தீர்மானித்திருக்கிறேன். அண்ணை சொன்ன கைப்பை விடயம் எனக்குத் தோன்றவே இல்லை: ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு மே 18 அன்றும் ஒரே சிவப்புப் பையோடுதான் போயிருக்கிறேன்.