மண்டபம், பாம்பன் ரயில்வே குடும்பங்களின் கதையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

உச்சிப்புளி_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா மண்டபம் பக்கம் கேங்மேன், அதாவது தண்டவாளம் பராமரிக்கிற குழுவில் வேலை பார்த்தவர். அப்பா அதே செக்ஷனில் கீமேனாக, தினமும் நடந்து தண்டவாளத்தைச் சோதிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பாவுக்கும் இப்போது நினைவு கொஞ்சம் தடுமாறுகிறது. அவரோடு வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் இந்தக் கடற்கரையில் தண்டவாளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களின் கதையை எழுதி வைக்க வேண்டும் என்று ஆசை.

தேடிப் பார்த்தால் திரும்பத் திரும்ப மூன்றே விஷயம்தான் கிடைக்கிறது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன ரயில் கடலோடு போனது, அப்புறம் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தது. எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் 1914-க்கும் 1964-க்கும் நடுவில் தினமும் காலையில் எழுந்து அந்தத் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்த ஆள் யார், அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள், சம்பளம் எப்படி வந்தது என்று எங்கேயும் ஒரு வரி இல்லை.

என் கேள்வி இதுதான். பெரியவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? பழைய காகிதங்கள் எங்கே கிடைக்கும்? நான் யாரிடம் போனாலும் பேச்சு நேரே புயலுக்குப் போய்விடுகிறது, அதிலிருந்தே தொடங்கிவிடலாமா? இந்த லைனில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாம்பன்_கேங்:

தாயி, நல்ல காரியம். நான் மீட்டர் கேஜ் காலத்தில் சேர்ந்து, பிராட் கேஜ் என்ற அகலப் பாதை வந்த பிறகு ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா பெயரைச் சொன்னால் எனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் இங்கே போட வேண்டாம்.

புயலிலிருந்து தொடங்காதீர்கள். புயலைப் பற்றிக் கேட்டால் பார்த்தவரும் பார்க்காதவரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள், எல்லாருக்கும் அது மனப்பாடம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். அதுவும் "வேலை எப்படி இருந்தது" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். காலையில் வீட்டை விட்டு இறங்கும்போது தோளில் என்னென்ன இருந்தது என்று கேளுங்கள். சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து என்றால் ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தின் மேல் வைக்கிற வெடி என்று ஒன்றொன்றாக வரும், ஒவ்வொன்றோடும் ஒரு சம்பவம் ஒட்டிக்கொண்டு வரும்.

மற்ற லைனுக்கும் நம்ம லைனுக்கும் உள்ள வித்தியாசம் உப்பும் மணலும்தான். தண்டவாளங்களை இணைக்கிற ஃபிஷ் பிளேட், போல்ட், தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கிற சாவி எல்லாம் உப்புக் காற்றில் இறுகிப்போய் ஸ்பேனருக்கு அசையாது, அதைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுவதற்குள் கை ரெண்டும் கடுத்துப்போகும். மதுரை பக்கம் வருஷக்கணக்கில் தாங்குகிற இரும்பு இங்கே பொரிந்து உதிரும். பாலத்தில் பெயிண்ட் அடிக்கிற வேலை முடிந்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாது, கடைசிக்கு வருவதற்குள் முதலில் அடித்த இடம் துருவேறியிருக்கும். மணல் இன்னொரு தொல்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மணல் ஏறித் தண்டவாளத்தையே மூடிவிடும், அள்ளிப் போட்டால் மறுநாள் வந்து பார்க்கும்போது அதே இடத்தில் கிடக்கும். அந்தக் காலத்தில் பாம்பன் ஜங்ஷனில் ஒரு லைன் ராமேஸ்வரத்துக்கும் இன்னொன்று தனுஷ்கோடிக்கும் பிரிந்து போகும். தனுஷ்கோடி லைன் கேங்குக்குப் பாதி வேலை மணல் அள்ளுவதுதான் என்று எங்கள் மேஸ்திரி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் மழைக்காலத்து ராத்திரி ரோந்து. ஒரு கையில் விளக்கு, பையில் வெடி, தனி ஆளாகத் தன் எல்லை வரைக்கும் நடக்க வேண்டும். எல்லையில் எதிர்ப்பக்கத்து ஆள் வந்து நிற்பார், ரெண்டு பேரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். புத்தகம் மாறவில்லை என்றால் யாரோ ஒருத்தர் நடக்கவில்லை என்று அர்த்தம். தண்டவாளம் உடைந்து கிடந்தாலோ மண் அரித்திருந்தாலோ ரயில் வருகிற திசையில் ஓட வேண்டும். மீட்டர் கேஜில் 400 மீட்டரில் ஒரு வெடி, 800 மீட்டரில் மூன்று வெடி. பிராட் கேஜில் அதுவே 600, 1200 ஆனது. சக்கரம் ஏறி வெடிக்கிற சத்தத்தில் டிரைவர் நிறுத்திவிடுவார். வாடைக் காற்றில் முகத்தில் மழை அறைய, கருவேலங்காட்டு ஓரமாக அந்த இருட்டில் ஓடியவன் எவனும் அதை மறக்க மாட்டான். அதைக் கேளுங்கள்.

பழைய பாலத்தின் தூக்கு பகுதியையும் விட்டுவிடாதீர்கள். ஷெர்சர் ஸ்பான் என்பார்கள், ரெண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே எழும்பும். மோட்டார் கிடையாது, ரெண்டு பக்கமும் கலாசிகள் என்கிற தொழிலாளிகள் நின்று கையால் சுற்றித்தான் தூக்க வேண்டும், நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. கீழே மீன்பிடிப் படகும் கப்பலும் வரிசையில் காத்துக்கிடக்கும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது, மண்டபத்தில் வண்டியை நிறுத்திப்போட்டுக் காற்று தணிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் ஸ்பான் மின்சாரத்தில் அப்படியே செங்குத்தாக ஏறுகிறது. நல்லதுதான், யார் முதுகும் உடையாது. ஆனால் கையால் சுற்றியவர்களில் இன்றைக்கும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள் தாயி.

பரமக்குடி_வரலாறு:

காகிதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் ஆவணக் காப்பகம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிதான். பென்ஷன் ஆர்டர், பழைய பாஸ், பி.எஃப். சீட்டு, இடமாற்ற உத்தரவு, யூனியன் சந்தா ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேதி கிழிந்திருந்தாலும் தலைப்பை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம். சவுத் இண்டியன் ரயில்வே என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக 1951-க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வருடம் ஏப்ரலில்தான் அதையும் வேறு இரண்டு ரயில்வேக்களையும் சேர்த்துத் தெற்கு ரயில்வே ஆக்கினார்கள். அந்தக் கம்பெனியின் தலைமையிடம் திருச்சி என்பதால் பழைய கடிதங்களில் மதுரையை விடத் திருச்சிதான் அதிகம் வரும், மதுரைக் கோட்டம் 1956-ல் வந்தது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு பழைய ரயில்வே கம்பெனிக் காகிதங்களும் உண்டு. ஆனால் அவற்றில் பெயரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் துரைமார்களும் மேல்நிலை ஊழியர்களும்தான். கேங்மேன் அங்கே எண்ணிக்கையாக இருப்பாரே தவிர ஆளாக இருக்க மாட்டார். அதனால் நீங்கள் எடுக்கப்போகும் பேட்டிதான் மூல ஆவணம், அந்தப் பொறுப்போடு செய்யுங்கள். பேசுபவரின் சம்மதம், தேதி, இடம், அவர் எந்த வருடம் எந்தப் பதவியில் சேர்ந்தார், எல்லாவற்றையும் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

புயல் விஷயத்தில் மட்டும் முந்தைய அண்ணனோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டியில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள், அவர்களில் டூட்டியில் இருந்த ரயில்வேக்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு அதன்பின் என்ன ஆனது, பிள்ளைக்கு வேலை கிடைத்ததா, குவார்ட்டர்ஸை எப்போது காலி செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. 46 நாள் கதையும் அப்படித்தான். அந்த வேலையை நடத்திய பொறியாளர் ஸ்ரீதரன் பெயர் ஊருக்கே தெரியும், தெரிய வேண்டியதுதான், பெரிய சாதனை. ஆனால் கடலுக்குள் விழுந்து கிடந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்திரங்களைத் தேடி மேலே தூக்கிய கைகள் வேறு பலருடையவை. புயலைத் தவிர்க்க வேண்டாம், வேலை செய்தவரின் பக்கத்திலிருந்து கேளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம். 8-ஆம் தேதி தொடங்கி 27 வரை நாடு முழுக்க நடந்தது. ஆண்களிடம் யூனியனைப் பற்றிக் கேளுங்கள், பெண்களிடம் அந்த மாதம் உலை எப்படி வைத்தார்கள் என்று கேளுங்கள்.

கேட்கீப்பர்_வீட்டுப்பெண்:

அக்கா, பெண்களிடம் கேளுங்கள் என்று சார் சொன்னதைப் பார்த்ததும்தான் எழுதத் தோன்றியது.

எங்கள் அப்பா கேட் கீப்பர். எங்கள் வீட்டில் நேரம் என்பதே வண்டி நேரம்தான். அம்மா உலை வைப்பது ஒரு வண்டிக்கு, எங்களை எழுப்புவது ஒரு வண்டிக்கு. அப்பாவுக்கு ராத்திரி டூட்டி என்றால் பகலில் நாங்கள் சத்தம் போடக் கூடாது, தகரக் கூரை வெக்கையில் அவர் தூங்க வேண்டும். தண்ணீர்தான் பெரும்பாடு. கிணறு உப்பு, மணலில் ஊற்று தோண்டி ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். குவார்ட்டர்ஸ் பெண்களும் கடக்கரைப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற இடம் அந்த ஊற்றுதான், கல்யாணம் பேசி முடித்ததும் அங்கேதான், சண்டை தொடங்கியதும் அங்கேதான்.

மீன்கார அம்மாக்களையும் எழுதுங்கள் அக்கா. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கூடையோடு ஏறிப் பரமக்குடி, மானாமதுரை வரைக்கும் போய் விற்றுவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புவார்கள். அவர்கள் ரயில்வேயில் சம்பளம் வாங்கவில்லைதான், ஆனால் அந்த ரயில் இல்லை என்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. 2022 டிசம்பரில் பாலத்தில் ரயிலை நிறுத்தி புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே வரவில்லையே, அந்த நாட்களில் கூடைக்கும் சேர்த்து பஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் தொழிலை விட்டவர்களை எனக்கே தெரியும்.

வர்ஜீனியா_ராமநாதன்:

சொந்த ஊர் ராமநாதபுரம், இப்போது இருப்பது அமெரிக்காவில் வர்ஜீனியா. அப்பலாச்சியன் மலைக்குள் இருக்கிற சின்னச் சின்ன ரயில் ஊர்களை இங்கே சுற்றிப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு அது உதவும் என்று தோன்றுகிறது.

மேற்கு வர்ஜீனியாவில் தர்மண்ட் என்று ஓர் ஊர், ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் இடமே இல்லாததால் கடைத்தெருவுக்கு முன்னால் ரோடு கிடையாது, தண்டவாளம்தான். செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வேயின் நிலக்கரி வண்டிகளுக்கு அங்கேதான் தண்ணீர், கரி, பழுதுபார்ப்பு எல்லாம். 1950-களில் டீசல் எஞ்சின் வந்தது, நீராவி எஞ்சினுக்கு வேலை செய்தவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரில் ஐந்து பேர். ரயில் இன்னும் வாரத்தில் மூன்று நாள் போகிறது, ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் மட்டும் நிற்கும். நம்ம தனுஷ்கோடியைக் கடல் ஒரே ராத்திரியில் காலி செய்தது, இந்த ஊர் சத்தமில்லாமல் காலியானது.

ஆனால் இவர்கள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். தர்மண்ட் ஸ்டேஷனைப் பழுதுபார்த்துத் தேசியப் பூங்காத் துறை வைத்திருக்கிறது. கிளிஃப்டன் ஃபோர்ஜ் என்ற இன்னொரு ரயில் ஊரில் அந்த ரயில்வேயின் வரலாற்றுச் சங்கம் இருக்கிறது, பழைய வரைபடம், புகைப்படம், காகிதம் எல்லாவற்றையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் விட்டுப்போனது உண்டு. டால்காட் என்ற ஊர்ப் பக்கத்தில் 1870-லிருந்து 1872 வரை மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போட்டார்கள், குடைந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள். இன்றைக்கு ஊர் வாயில் நிற்பது ஜான் ஹென்றி என்ற ஒரே பெயர், அதுவும் கதையாக. மற்றவர்கள் பெயரெல்லாம் போய்விட்டது.

அதனால் என் யோசனை, எதற்கும் முன்னால் பெயர்ப் பட்டியலைத் தொடங்குங்கள். கேங் வாரியாக, எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை, யார் மேஸ்திரி, யார் கீமேன், யார் எந்த ஊர்க்காரர். இங்கே போட வேண்டாம், ஒரு நோட்டில் இருக்கட்டும். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவரிடம் சொன்னால் அவருக்கு நாலு பெயர் நினைவு வரும்.

உச்சிப்புளி_மகள்:

எல்லோருக்கும் மனசார நன்றி. பாம்பன் ஐயா, நேற்று அப்பாவிடம் தோளில் என்ன இருந்தது என்றுதான் கேட்டேன். நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாத மனிதர் ஸ்பேனர் அளவு வரைக்கும் சொன்னார், அப்புறம் எதிர்ப்பக்கத்து ரோந்துக்காரர் பெயரையும் சொன்னார். அவர் வேதாளையில் இருக்கிறாராம், வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கேட்கீப்பர் வீட்டுத் தங்கச்சி, உங்கள் அம்மாவைப் பார்க்க முடியுமா? தனிச்செய்தி அனுப்புகிறேன். சார், டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பாஸ் இருக்கிறது, தலைப்பு பாதி அரித்துவிட்டது, படம் எடுத்துப் பெயரையும் எண்ணையும் மறைத்துப் போடுகிறேன், எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.