பேய்ப்படம் பார்த்துத் தூக்கம் போன கதை உங்களுக்கும் இருக்கா?

ரங்கூன் ராத்திரி எழுதியது:

இரண்டு மூன்று வருடமாக வந்த பேய்ப்படங்களில் கைக்குக் கிடைத்த எதையும் நான் விட்டதில்லை. தமிழ், மலையாளம், தாய்லாந்து, கொரியா, இங்கிலீஷ் எதுவானாலும் சரி. கரண்ட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொள்வேன், போன பிறகு பார்ப்பேன். ரங்கூனில் கரண்ட் முறைவைத்து வருகிற அழகு இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேய்ப்படத்துக்கு இதைவிட நல்ல தியேட்டர் ஏது? தெரு முழுக்க இருட்டு, பக்கத்து மாடியில் ஜெனரேட்டர் சத்தம், மடியில் லேப்டாப்.

என் அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சொல்லுங்கள், எந்தப் படம் உங்களை நிஜமாகவே ஆட்டியது, அதற்குத் தோதாக வாழ்க்கையில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று.

எனக்கு 'பிரமயுகம்'தான் (2024). ராகுல் சதாசிவன் எடுத்தது, மம்மூட்டி நடித்தது, முழுக்கக் கறுப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டு மலபார். அடிமை வியாபாரத்துக்குத் தப்பி ஓடிவரும் ஒரு பாணன் பசியோடு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். சோறு கிடைக்கிறது, படுக்க இடம் கிடைக்கிறது, வெளியே போகத்தான் வழியில்லை. மனைக்காரன் பகடை உருட்டக் கூப்பிடுகிறான், பந்தயமாகக் கேட்பது அவனுடைய காலத்தை. அந்த இடத்தில் நான் லேப்டாப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். ஒரு பேயும் அதுவரை பாய்ந்து வரவில்லை, கதவு படாரென்று சாத்தவில்லை. கூரை ஒழுகுகிறது, ஒரு கிழவன் சிரிக்கிறான், அவ்வளவுதான். கலரில் எடுத்திருந்தால் மம்மூட்டியின் மேக்கப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். கறுப்பு வெள்ளையில் அந்த ஆளின் பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரிகிறது.

'சின்னர்ஸ்' (2025) பாதிப் படம் வரை பேயே கிடையாது. 1932, மிசிசிப்பி, கறுப்பினத்தவர்கள் பாட்டும் கூத்துமாக ஒரு சாராயக் கூடம் திறக்கிறார்கள். ரத்தம் குடிக்கிறவர்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள், உள்ளே வாருங்கள் என்று நாம் சொன்னால்தான் வர முடியும். ராத்திரியில் யாராவது ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காதே, மூன்று தடவை கூப்பிடட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

பிடிக்காதது: 'கான்ஜுரிங்' வரிசையில் 2025 செப்டம்பரில் வந்த 'லாஸ்ட் ரைட்ஸ்'. முதல் படம் (2013) வந்தபோது கைதட்டல் சத்தத்துக்கே அலறினோம். இதில் பாதி நேரம் மகள் கல்யாணக் கவலை. 'அரண்மனை 4' (2024) பற்றிப் பேசவே வேண்டாம், அதில் பேய் சம்பளத்துக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போகிறது.

என் கட்சி இதுதான். இந்த ஊரில் வளர்ந்தவனுக்குப் பேய் என்றால் காரணம் வேண்டும். பக்கத்து பர்மியர் வீட்டில் சிவப்புத் துணி சுற்றித் தேங்காய் தொங்குகிறதே, அது மகாகிரி என்ற 'நாட்'டுக்கு, பர்மியர் கும்பிடும் ஆவிக்கு. அவன் உயிரோடு ஒரு கொல்லனாக இருந்தபோது தகாங் ராஜா அவனை மரத்தில் கட்டி எரித்தான், பார்த்த தங்கச்சியும் அதே தீயில் விழுந்தாள். சூடு தணியத்தான் இன்றைக்கும் தேங்காய். நாட் ஆவிகள் பலருக்கும் இப்படி ஒரு சாவு இருக்கிறது, யாரோ செய்த அநியாயம் இருக்கிறது. காரணமே இல்லாமல் கண்ணாடியில் முகம் காட்டுகிற பேயைப் பார்த்து நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

மோல்மேன் அக்கா எழுதியது:

தம்பி, அரண்மனையைக் குறை சொல்றீங்களே, அது உங்களுக்கு எடுத்த படமே இல்லை. எங்க வீட்டுல அம்மா, நான், என் புள்ளைங்க, மாடிவீட்டு பர்மியப் பொண்ணு எல்லாரும் ஒண்ணா உக்காந்து பார்த்தோம். கடைசில குஷ்பூவும் சிம்ரனும் அம்மன் பாட்டுக்கு ஆடினாங்க பாருங்க, அம்மா எந்திரிச்சு திருநீறு பூசிக்கிட்டாங்க. பேய்ப்படம்னா ஒருத்தனா இருட்டுல உக்காந்துதான் பார்க்கணும்னு சட்டமா? தமன்னா புள்ளைங்களக் காப்பாத்த நிக்கிற இடத்துல நான் அழுதேன். போங்க.

ஆனா பயந்தது வேற படத்துக்கு. 'த மீடியம்', 2021ல வந்தது, தாய்லாந்து. வடகிழக்கு தாய்லாந்துல பாயான்னு ஒரு சாமி, அது பரம்பரை பரம்பரையா ஒரு குடும்பத்துப் பொம்பளைங்க மேலதான் இறங்கும். டாக்குமென்டரி மாதிரியே எடுத்திருக்காங்க. அண்ணன் தங்கச்சி பேசிக்கிறது, சாவு வீட்டுல சோறு போடுறது எல்லாம் நம்ம பக்கம் மாதிரியே இருக்கும்.

ஏன் பயந்தேன்னா, எங்க தெருவுல ஒரு நாட் கடோ, அதான் நாட் இறங்கி ஆடுறவங்க, இருந்தாங்க. எங்களுக்கெல்லாம் அத்தை மாதிரி, புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுப்பாங்க. ஒரு வீட்டுல நாட் ப்வே, அதான் நாட்டுக்கு எடுக்கிற விழா, வச்சாங்க, நானும் போயிருந்தேன். மேளம் காதைப் பிளக்குது. சிகரெட்டை வாயில வச்சு, பாட்டிலத் தலையில வச்சு ஆடுறாங்க, சனம் நோட்டைச் சுருட்டித் தலைத்துணியில சொருகுது. குரலே மாறிப்போச்சு, ஆம்பளைக் குரல். பக்கத்துல ஒரு கிழவி கும்பிட்டு அழுவுது. நம்ம கோயில்ல தீ மிதிக்கிறப்ப சாமி வந்து ஆடுறவங்களப் பார்த்தே வளர்ந்தவ நான், எனக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல.

முடிஞ்சு எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்க. அவங்க மட்டும் பின்கட்டுல ஒரு ஸ்டூல்ல உக்காந்து, வேர்வையில கரைஞ்ச பவுடரை லுங்கி முனையால துடைச்சுக்கிட்டு, கசங்கின நோட்டை ஒண்ணொண்ணா முட்டியில வச்சு நீவிக்கிட்டு இருந்தாங்க. நான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். வாய்விட்டுக் கேட்டுட்டேன், அத்தை, நிஜமா வருதான்னு. கோவப்படல. "சில நாள் வர்றாரு. சில நாள் வர்ற வரைக்கும் ஆடுறேன்" அப்படின்னாங்க. நோட்டை நீவுறத நிறுத்தவே இல்ல.

படத்தோட கடைசியைச் சொல்லப்போறேன், பார்க்காதவங்க தாண்டிப் போங்க. அந்தச் சாமியாடி அம்மா காமெரா முன்னாடி உக்காந்து, பாயான் என் மேல இருக்கான்னு எனக்கே உறுதியாத் தெரியாதுங்கிற மாதிரி சொல்லி அழுவும். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ரத்தமும் நாயும் கத்தலுமா இருந்துச்சு, அதெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணல. இந்த ஒரு பேச்சு பண்ணிடுச்சு. அன்னிக்கு ராத்திரி லைட்டப் போட்டுக்கிட்டே படுக்கலாம்னா கரண்ட் இல்ல.

பாங்காக் பொடியன் எழுதியது:

அக்கா, நான் இங்க பாங்காக் பக்கத்துல மகாசாயில வேலை பார்க்கிறேன், ஊரு பர்மாவுல பெகு. இங்க தியேட்டர்ல ஏசில உக்காந்து பார்க்கலாம், ஆனா தாய்க்காரப் பசங்க பேய் வந்தா சிரிக்கிறானுங்க. அவனுங்களுக்கு அது பழகிப்போச்சு.

எனக்கு 'வெப்பன்ஸ்' (2025). ஒரே வகுப்புப் புள்ளைங்க 17 பேரு, ராத்திரி 2.17க்கு எந்திரிச்சு, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு இருட்டுல ஓடுதுங்க. ஏன் ஓடுதுங்கன்னு படம் பாதிவரைக்கும் சொல்லவே மாட்டான். அப்புறம் ஒரு கிழவி வருது, செவப்பு முடி, முகம் பூரா சாயம். ஒருத்தரோட முடியை எடுத்து குச்சியில சுத்தி ஒடிக்குது. அவ்ளோதான், ஆளு அது சொன்னதைச் செய்யுறான். எனக்கு உடனே எங்க அம்மா ஞாபகம். சீப்புல வந்த முடியைச் சுருட்டி எச்சில் துப்பித்தான் போடும், நகம் வெட்டினா மண்ணுல பொதைக்கும். கேலி பண்ணுவேன். படம் முடிஞ்சு ரூமுக்கு வந்து பார்த்தா பாத்ரூம் ஓட்டைல நாலு பேரோட முடி அடைச்சுக் கிடக்கு. எல்லாத்தையும் எடுத்து பைல போட்டுக் கட்டி வெளிய எறிஞ்சேன். ரூம்ல இருக்கிற பசங்க சந்தோசப்பட்டானுங்க, இத்தனை மாசமா சொன்னப்ப செய்யாதவன் இப்ப செஞ்சுட்டான்னு.

ரங்கூன் அண்ணே சொல்ற காரணம் கதையெல்லாம் எனக்கு ஒத்துவரல. காரணம் தெரிஞ்சுட்டா பயம் போயிடும் அண்ணே. அந்தக் கிழவி யாரு, எங்கேர்ந்து வந்துச்சுன்னு படத்துல தெளிவாச் சொல்லவே இல்ல. அதான் நல்லாருக்கு.

தட்டோன் பெரியவர் எழுதியது:

நான் பேய்ப்படம் பார்க்கிற ஆள் இல்லை. வீடியோக் கொட்டகை காலத்தில் டிக்கெட் வாங்கி எம்.ஜி.ஆர். பார்த்தவன். 'சந்திரமுகி' ஒன்றுதான் விரும்பிப் பார்த்த பேய்ப்படம், அதிலும் பேய் கிடையாது. பேரன் வற்புறுத்தி 'எக்ஸ்ஹூமா' என்ற கொரியப் படத்தைக் காட்டினான். 2024இல் வந்தது, அவர்கள் நாட்டில் ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்றதாம். அதனால் எழுதுகிறேன்.

பணக்காரக் குடும்பம், பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நோவு. தாத்தாவின் குழி சரியில்லை என்று தோண்டுகிறார்கள். மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து இடம் சொல்லும் ஒரு பெரியவர், பூசை செய்யும் ஒரு சின்னப் பெண். பன்றி உடல்களைப் படுக்கவைத்து அவள் கத்தியோடு ஆடுவது அப்படியே நம் முனீஸ்வரன் கோயில் கிடாவெட்டு நாள்தான். தோண்டினால் அந்தப் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி, செங்குத்தாக நிறுத்திப் புதைத்தது. உள்ளே இருப்பவன் ஜப்பான்காரன். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் சயாமிலிருந்து இங்கே தன்பியூசயாட் வரை ரயில் போட்டார்கள், 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுவந்து போட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி. அதே ரயில் வேலையில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குத் தன்பியூசயாட்டில் வரிசை வரிசையாகக் கல் வைத்த கல்லறை இருக்கிறது, புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. செத்த இடத்திலேயே குழி, அல்லது தீ.

அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த மோன் இனத்துக்காரர் ஒருவர் ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். வேலி போடக் குழி தோண்டும்போது துருப்பிடித்த தண்டவாள ஆணி அகப்பட்டது. வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். ராத்திரி கொட்டகையில் யாரோ நடக்கிற சத்தம், ஒருவனுக்குக் காய்ச்சல். தோட்டக்காரர் பிக்குவைக் கூப்பிட்டு ஓதவைத்தார், சரிப்படவில்லை என்றார்கள் வேலையாட்கள். பிறகு என்னைத் தேடி வந்தார். ஏன் என்னை என்றேன். "அவங்க உங்க ஆளுங்க. நாங்க பேசுறது அவங்களுக்கு விளங்கல. நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி பச்சரிசிச் சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, வெற்றிலை பாக்கும் சுருட்டும் கட்டிக் கொடுத்தாள். என்னைப் பெற்றவரின் தகப்பனும் அந்த ரயிலுக்கு வந்து தப்பி, இங்கேயே தங்கிவிட்டவர்தான். குழி ஓரத்தில் இலை போட்டேன். மந்திரம் எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். "பெரியவங்களா, இந்தாங்க, சாப்பிடுங்க. கொஞ்சம் நகந்து உக்காருங்க, வேலிக்கால் ஊனணும். உங்களை யாரும் விரட்டல" என்றேன். என் குரலே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மோன் பையன்கள் எல்லாம் கைகட்டி நின்றார்கள்.

பாங்காக் தம்பிக்கு ஒன்று. காரணம் தெரிந்தால் பயம் போகும் என்கிறாய். எனக்குப் போகவில்லை. கொரியாக்காரன் தன் மண்ணைத் தோண்டிப் படம் எடுத்துவிட்டான். நம் ரயில் பாதையை வைத்துப் பேய்ப்படம் எடுக்க ஒரு தமிழ் இயக்குநருக்காவது தோன்றவேண்டாமா? அரண்மனை அரண்மனையாகத்தான் சுற்றுகிறார்கள்.

ரங்கூன் ராத்திரி எழுதியது:

மாமா, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் பட்டியலில் 'பிரமயுகம்' இரண்டாமிடம். 'எக்ஸ்ஹூமா' பார்த்தபோது இரண்டாம் பாதி சறுக்கிவிட்டது, அந்த ஜப்பான் பூதம் கண்ணுக்குத் தெரிந்ததுமே பயம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கருத்து இப்போதும் மாறவில்லை. ஏழடி ஆளாக அது நடந்து வருவதைவிட, அந்த நிற்கிற பெட்டிதான் பயங்கரம். ஆனால் ரங்கூனில் பிறந்த எனக்குத் தன்பியூசயாட் என்றால் வெள்ளைக்காரக் கல்லறை மட்டும்தான் தெரியும்.

மோல்மேன் அக்கா, அரண்மனைக்கு நீங்கள் சொன்னது நியாயம். குடும்பத்தோடு பார்க்கிறவர்களுக்கு அது சரி. நான் பாட்டு வந்ததும் ஓட்டிவிட்டேன், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நினைக்காதீர்கள், அதில் வெட்கமும் இல்லை.

மோல்மேன் அக்கா எழுதியது:

அம்மன் பாட்டை ஓட்டினீங்களா? கண்ணைக் குத்தும். மாமா, அப்புறம் வேலி போட்டாங்களா இல்லையா? அந்தக் காய்ச்சக்காரப் பையன்?

தட்டோன் பெரியவர் எழுதியது:

போட்டார்கள் அம்மா. காய்ச்சல் மலேரியாதான், மோல்மேன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு வாரத்தில் எழுந்துவிட்டான். சோறும் கருவாடும் மறுநாள் காலையில் இல்லை. அது நாய் தின்றிருக்கும். சுருட்டையும் காணோம். நாய் சுருட்டு தின்னுமா என்றுதான் யோசிக்கிறேன்.

பாங்காக் பொடியன் எழுதியது:

தின்னும் மாமா. பெகுல எங்க வீட்டு நாய் அப்பாவோட சுருட்டுக் கட்டையே தின்னுட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்துச்சு.