முதல் அயர்ன்மேனுக்கு முன் சைக்கிளில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பழக வேண்டும்?

புதுத்தடம்:

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்ற முழுத் தூரத்தை இப்போதுதான் முதன்முறையாக முயல்கிறேன். இதன் பாதித் தூரப் போட்டியைக் கோவாவில் முடித்திருக்கிறேன். அங்கே 90 கிலோமீட்டர் சைக்கிளுக்கு 3 மணி 35 நிமிடம் ஆனது. எனக்கு 41 வயது. அலுவலகமும் வீடும் போக வாரத்தில் ஒன்பது அல்லது பத்து மணி நேரம்தான் பயிற்சிக்குக் கிடைக்கும். ஒரே நாளில் இதுவரை நான் ஓட்டிய அதிகபட்சத் தூரம் 105 கிலோமீட்டர். போட்டிக்கு இன்னும் 22 வாரங்கள் இருக்கின்றன.

நான்கரை மணி நேரத்துக்கு மேல் எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்கிறார் என் பயிற்சியாளர். என்னுடன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும் நண்பர்களோ, மூன்று முறையாவது 180 கிலோமீட்டரை முழுதாக ஓட்டாமல் விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுஞ்சாலை:

நண்பரே, உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி. முதலில் காலக்கெடுவைக் கணக்கிடுங்கள். இத்தகைய போட்டிகள் பெரும்பாலானவற்றில், நீச்சல் தொடங்கியதிலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை முடித்தாக வேண்டும். நீச்சலுக்கும் உடை மாற்றவும் 1 மணி 50 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 180 கிலோமீட்டருக்கு மீதமிருப்பது 8 மணி 40 நிமிடம். அதாவது மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர் வேகம் குறையாமல் போக வேண்டும். 105 கிலோமீட்டரோடு நின்றுவிட்ட ஒருவருக்கு, 140ஆவது கிலோமீட்டரில் தம் வேகம் என்னவாகும் என்று தெரிய வழியே இல்லை.

நான் பல ஆண்டுகளாக பி.ஆர்.எம். எனப்படும் சைக்கிள் நெடும்பயணங்களில் கலந்துகொள்கிறேன். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி நேரம் என்று அவற்றிலும் கெடு உண்டு. ஐந்து மணி நேரம் வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிற உடம்பு அதற்குப் பிறகுதான் தன் குறைகளைக் காட்டத் தொடங்குகிறது. உள்ளங்கை மரத்துப்போகும், இருக்கையில் உராய்ந்த இடம் எரியும், கழுத்தைத் தூக்கிப் பார்க்க முடியாது. இவற்றையெல்லாம் பணம் கட்டிப் போன அயல்நாட்டில், அதுவும் பின்னால் ஒரு மாரத்தான் காத்திருக்கிற நாளில், முதன்முறையாகச் சந்திக்க வேண்டுமா?

மதுரை ஓட்டக்காரர்:

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்கவில்லை.

180 என்ற எண் எப்படி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1978இல் ஹவாயில் முதல் போட்டி நடந்தபோது, ஓவாகு தீவைச் சுற்றிவரும் 115 மைல் சைக்கிள் பயணத்தை எடுத்துக்கொண்டு அதில் மூன்று மைலைக் குறைத்தார்கள். நீச்சல் முடிகிற இடத்தில் சைக்கிள் தொடங்கி, மாரத்தான் தொடங்கும் இடத்தில் முடிய வேண்டும் என்பதே காரணம். அந்தத் தீவுப் பயணம்கூட அதற்கு முன்பு இரண்டு நாளில் ஓட்டப்பட்டதுதான். அன்று புறப்பட்ட 15 பேரில் 12 பேர் முடித்தார்கள். ஒரு தீவின் சுற்றளவிலிருந்து பிறந்த எண்ணைப் பயிற்சியின் அளவுகோலாக வைத்துக்கொள்ள உடலியல் காரணம் எதுவும் இல்லை.

மாரத்தானுக்குப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் 30, 32 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாரும் பயிற்சியில் 42ஐ மூன்று முறை ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் ஓட்டியவருக்குத் திங்கள், செவ்வாய் இரண்டும் வீணாகும். புதன்கிழமை ஓட்டத்தில் கால் எழாது. வாரத்தில் பத்து மணி நேரமே உள்ளவர் அதில் முக்கால் பங்கை ஒரே நாளில் செலவழித்தால் நீச்சலும் ஓட்டமும் எங்கே போகும்? சனிக்கிழமை மூன்றரை மணி நேரம், மறுநாள் களைத்த காலோடு மூன்று மணி நேரம் என்று பிரித்து ஓட்டுவதே இவருக்குப் பொருந்தும். பயிற்சியாளர் சொன்ன நான்கரை மணி நேரம் போதும்.

நெடுஞ்சாலை:

மாரத்தான் உவமை இங்கே பொருந்தாது, ஐயா. ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் தரையின் அதிர்ச்சியை முழங்காலும் கணுக்காலும் தாங்குகின்றன. அதனால்தான் அங்கே தூரத்துக்கு வரம்பு வைக்கிறோம். சைக்கிளில் அந்த அடி இல்லை. இரண்டு நாளில் தசை தெளிந்துவிடும். வாரந்தோறும் 180 ஓட்டச் சொல்லவில்லை. 22 வாரங்களில் மூன்று முறை என்றால் அது அளவு மீறியதாகாது.

வைகறை:

இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இதே லங்காவிப் போட்டியை முடித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே தூரத்தைப் பற்றிய வாதமே அதிகமாக நடக்கிறது. உடம்புக்குக் கிலோமீட்டர் தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்தில், எந்த வெயிலில் உழைத்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

நாலரை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்ற அறிவுரை வேகமான வீரர்களின் உலகத்திலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகிற தொழில்முறை வீரர் 180 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார். ஆகவே ஐந்து மணி நேரப் பயிற்சி என்பது அவருக்குப் போட்டியைவிட நீளமானது. புதுத்தடம் அவர்களோ கோவாவில் மணிக்கு 25 கிலோமீட்டர் போயிருக்கிறார். லங்காவியில் ஏற்ற இறக்கம் உண்டு, தூரமும் இரட்டிப்பு. அவருடைய வேகம் 24க்கு இறங்கினால் ஏழரை மணி நேரம் இருக்கையில் இருப்பார். நாலரை மணி நேரம் மட்டுமே பழகியவருக்குக் கடைசி மூன்று மணி நேரம் முழுக்க அறியாத நிலம். மெதுவாகப் போகிறவருக்குத்தான் நீண்ட பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் உண்மை நிலை அதுதான்.

அதே சமயம் கடற்கரைச் சாலை நண்பர்களின் 180ஐயும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். பத்துப் பேர் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. போட்டியில் அந்தச் சலுகை கிடையாது. முன்னே போகிறவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் தண்டனை நேரம் உண்டு. மாமல்லபுரத்தில் இட்லி, மரக்காணத்தில் தேநீர் என்று நின்று நின்று போன பயணத்தில் எட்டு மணி நேரம் வெளியே இருந்திருப்போம். மிதித்தது ஆறு மணி நேரமாக இருக்கும். தனியாக, கைப்பிடிக்கு முன்னே நீளும் ஏரோபாரில் முழங்கையை ஊன்றியபடி, தண்ணீர் நிரப்ப மட்டும் இறங்கி ஓட்டிய ஐந்தரை மணி நேரம், கூட்டமாக ஓட்டிய 180 கிலோமீட்டரைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

அதில் முதலிடம் சாப்பாட்டுக்கு. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்தான். அதிலிருந்து கிடைப்பது இரண்டாயிரம் கலோரிக்குள் அடங்கும். மணிக்கு 500 கலோரி செலவானால்கூட ஏழரை மணி நேரத்துக்கு 3,750 ஆகிறது. பிறகு மாரத்தான் இருக்கிறது. கொழுப்பும் எரியும் என்றாலும், மணிக்கு 60 கிராம் அளவுக்காவது மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வாக்கில்தான் இருக்கும் என்பதால், இதைப் பழத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது. பழகாத குடல் இந்த அளவை ஏற்காது. நான்காம் மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது உப்பும் எலுமிச்சையும் கலந்த சர்க்கரைக் கரைசலும் சிறு துண்டுகளாக வெட்டிய இட்லியும்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நீண்ட பயிற்சிகள் தேவைப்பட்டன. மூன்று மணி நேரப் பயிற்சியில் இந்தச் சிக்கல் தலைகாட்டவே இல்லை.

மதுரை ஓட்டக்காரர்:

சாப்பாட்டைப் பற்றிச் சகோதரி எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன். குடலுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை என் முதல் பதிவில் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் என்னுடைய அடிப்படைக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. இவருக்கு வாரத்தில் பத்து மணி நேரம். ஆறரை மணி நேரம் சைக்கிளுக்குப் போனால் மீதி மூன்றரை மணி நேரத்தில் நீந்தி, ஓடி, இடையில் ஒரு நாள் குறுகிய சைக்கிள் பயிற்சியும் செய்ய வேண்டும். இன்னொன்று, பாதுகாப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழு மணி வரை நிம்மதி. வார இறுதியில் எட்டு மணிக்கு மேல் கார்களும் பேருந்துகளும் நிறைந்துவிடுகின்றன. களைத்த உடம்போடும் குறைந்த கவனத்தோடும் பதினோரு மணிக்கு அந்தச் சாலையில் ஒருவரைத் தனியாக ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னோடு பழகிய ஒருவர் இப்படித் திரும்பும் வழியில்தான் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அந்த ஆண்டு அவருக்குப் போட்டியே இல்லை.

வைகறை:

ஐயா, நேரக் கணக்கில் நீங்கள் சொல்வது நியாயம். நானும் வாரந்தோறும் நீண்ட தூரம் ஓட்டவில்லை. முதல் பத்து வாரங்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டவே இல்லை. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்கு, நாலே முக்கால், ஐந்தரை, கடைசியாக ஆறேகால் மணி நேரம் என்று நான்கு நீண்ட பயிற்சிகள். இடைப்பட்ட வாரங்களில் ஓட்டத்துக்கு முன்னுரிமை கொடுத்தேன். நீண்ட பயிற்சி உள்ள வாரத்தில் நீச்சலை இரண்டு அரைமணி நேரமாகச் சுருக்கினேன். நீச்சல் மெதுவானது, ஆனால் கெடுவுக்கு நிறைய மிச்சம் இருந்தது.

சாலை ஆபத்துக்கு நான் கண்ட வழி, விடியலில் மூன்றரை மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து எஞ்சிய நேரத்தை, சைக்கிளை நகராமல் பொருத்தி ஓட்டும் டிரெய்னரில் மிதிப்பது. டிரெய்னரில் சரிவு இறக்கம் கிடையாது, காலை ஓயவிட முடியாது. அங்கே மிதிக்கும் இரண்டு மணி நேரம் சாலையின் இரண்டு மணி நேரத்தைவிடக் கடுமையானது. மின்விசிறி இல்லாமல் மிதித்தால் வெப்பத்துக்கும் பழக்கம் வரும். வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும் என்பதால், போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் அடிக்கடி இதைச் செய்தேன். சென்னையில் அக்டோபர் மழை இறங்கியதும் வெயில் தணிந்துவிடுகிறது. லங்காவியில் பத்து மணிக்கே புழுக்கம் தாங்காது. நம் ஊர் வெயிலை நம்பிப் போகிறவர்கள் இந்த ஒரு மாத இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

நெடுஞ்சாலை:

டிரெய்னரில் இரண்டு மணி நேரம் என்பதை நான் ஏற்கத் தயங்குகிறேன். காற்றில் சைக்கிளை நேராகப் பிடிப்பதும், குழியைக் கண்டு விலகுவதும், களைப்பில் பஞ்சரைச் சரிசெய்வதும் அறைக்குள் வருவதில்லை. ஆனால் கூட்டமாக ஓட்டுவதைப் பற்றி அம்மையார் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. என் 200 கிலோமீட்டர்ப் பயணங்களில் பாதிக்கு மேல் இன்னொருவர் பின்னால் போனவைதான். அதைப் போட்டிக்கு ஒப்பிட முடியாது. ஆகவே மூன்று முறை என்பதை ஒரு முறையாகக் குறைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு முறை தனியாகவும் முழுதாகவும் இருக்கட்டும். 180ஐ ஒரு முறை தொட்டவருக்குப் போட்டி நாளின் 150ஆவது கிலோமீட்டரில் வரும் மனத்தெம்புக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை.

புதுத்தடம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பயிற்சியாளரிடம் இந்த வாதங்களை எடுத்துச் சொன்னேன். என் போட்டி நேரம் ஏழரை மணி நேரமாகலாம் என்ற கணக்கை அவரும் ஒப்புக்கொண்டார். 4, 4.45, 5.30, 6.15 என்ற படிக்கட்டைச் சிறு மாற்றத்தோடு எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் இருபது நிமிடம் ஓடிப் பார்க்கச் சொல்கிறார். கடைசி நீண்ட பயிற்சியைப் போட்டிக்கு எத்தனை வாரம் முன்பு வைத்துக்கொள்வது? அக்டோபரில் மழை என்பதால் ஒத்திப்போட இடமில்லை.

மதுரை ஓட்டக்காரர்:

நான்கு வாரம் முன்பு. அந்த வாரம் மழை கெடுத்தால் மூன்று வாரம் முன்பு. அதற்குப் பிறகு வேண்டவே வேண்டாம், களைப்பு தீராது. ஆறேகால் மணி நேரம் அதிகம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஐந்தரை மணி நேரப் பயிற்சிக்கு அடுத்த வாரத்தில் உங்கள் ஓட்டம் கெட்டால், கடைசிப் படியை விட்டுவிடுங்கள்.

வைகறை:

அதை நானும் வழிமொழிகிறேன். இன்னொரு சிறு வேலை: ஒவ்வொரு நீண்ட பயிற்சிக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்து, குடித்த தண்ணீரின் அளவோடு எழுதி வையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை ஈடாகவில்லை என்று பொருள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரையே அப்படிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நான்கு பயிற்சிகளின் குறிப்பு கையில் இருந்தால், போட்டியில் எந்த நிறுத்தத்தில் எத்தனை பாட்டில் எடுக்க வேண்டும் என்பது ஊர் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். முதல் பயிற்சியின் கணக்கை இங்கே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.