உலு மூடா காட்டுக்காகப் பினாங்கு பணம் கொடுக்க வேண்டுமா?

ஜெலுத்தோங் ஆசிரியை:
பினாங்குக்கு வேண்டிய தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு ஊறுவது பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள் என்று கெடா கேட்டது. இயற்கையாக ஓடிவரும் ஆற்றுக்கு எதற்குப் பணம் என்று பினாங்கு மறுத்துவிட்டது. மறுத்தது தவறு என்பேன். மரத்தை வெட்டினால் கெடாவுக்குக் கையில் காசு, நிற்கவிட்டால் ஒன்றுமில்லை. அப்படியிருக்க, "வெட்டாதே" என்று இங்கிருந்தபடி சொல்ல நமக்கு என்ன உரிமை?

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்:
டீச்சர், கடலில் கலக்கப் போகும் நீரைத்தான் நாம் ஆற்றின் கடைசியில் எடுக்கிறோம். அதற்குக் கப்பம் கட்ட வேண்டுமா? என் அச்சம் வேறொன்று. விலை பேசிவிட்ட பொருளை அதிகம் கொடுப்பவன் தட்டிக்கொண்டு போவான். மலேசியாவின் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் அந்தக் காட்டில் வாழ்கின்றன. அவற்றுக்கு எந்தச் சந்தையில் விலை வைப்பீர்கள்?

ஜெலுத்தோங் ஆசிரியை:
ஐயா, இருவாட்சிக்கு விலை வைக்கச் சொல்லவில்லை. காவலுக்குக் கூலி கொடுக்கச் சொல்கிறேன். நியூயார்க் நகரம் 1997-இல், தனக்குத் தண்ணீர் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் செய்தது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, ஆறு பிறக்கும் நிலத்தைக் காக்கப் பணம் செலவிட்டது. கோஸ்டா ரிக்காவும் அதே ஆண்டிலிருந்து, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காக்கும் நில உடைமையாளர்களுக்குக் கொடுத்துவருகிறது.

பாலிங் பேரன்:
கெடாக்காரன் நானும் ஒன்று சொல்லட்டுமா? அந்தக் காடு பினாங்குக்கு மட்டும் நீர் தரவில்லை. மூடா, பெடு, அஹ்னிங் அணைகளுக்கும் அதுதான் ஆதாரம். எங்கள் நெல்வயல்கள் அதை நம்பியே இருக்கின்றன. காடு அழிந்தால் முதலில் காய்வது எங்கள் வயல்தான்.

பணம் கொடுங்கள், ஆனால் நிபந்தனையோடு கொடுங்கள். கருவூலத்தில் போய் விழும் பணம் சாலைக்கும் சம்பளத்துக்கும் கரைந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் செயற்கைக்கோள் படத்தில் காட்டை அளந்து, குறைந்த ஒவ்வொரு ஹெக்டேருக்கும் தொகையைக் கழிக்க வேண்டும். கூட்டரசு 2019-இல் இயற்கைப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்கு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அந்த ஆண்டு மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். காடும் நிலமும் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் கையில் இருக்கும்போது, அந்தத் தொகை மரக்கட்டை வருமானத்துக்கு ஈடாகாது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்:
தம்பி, இப்படிச் சொன்னால் கேட்கலாம். எங்கோ புகை கக்கும் நிறுவனம், காடு காக்கப்பட்டதற்கான கார்பன் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். தண்ணீர் குடிப்பவன் காவலுக்குப் பணம் கட்டுவது வேறு. வெட்டினால் தொகை கழியும் என்ற விதி இருந்தால், என் தண்ணீர்க் கட்டணத்தில் சில ரிங்கிட் கூடினாலும் கட்டுவேன். ஆனால் காட்டை யார் அளப்பது? பணம் வாங்குபவரே அளந்தால் ஒப்பமாட்டேன்.

பாலிங் பேரன்:
கொடுப்பவரும் தனியே அளக்க வேண்டாம், ஐயா. இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அளக்கட்டும். படங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும்.