வெந்தய வரியனா, வேடம் போட்டதா?

வணக்கம் நண்பர்களே. ஒரு மாதமாக என் காலைப் பொழுதெல்லாம் ஓர் எருக்கஞ்செடி பக்கத்திலேயே போகிறது. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இலையின் அடியில் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடும். அதிலிருந்து வந்த புழு கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக, பால் வடிகிற இலையை ஓரத்திலிருந்து அரிப்பதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை. செடியின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் இதைச் சீண்டுவதில்லை.

சிக்கல் இங்கேதான். நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண் பூச்சி அச்சு அசலாக இதே உருவத்தில் வருகிறது. (ஆண் கறுப்பு, பெரிய வெள்ளைப் புள்ளிகள்; அதில் குழப்பமே இல்லை.) பின்னிறக்கையின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது வெந்தய வரியன். உட்கார்ந்தால் சரி, எண்ணிவிடலாம். நேற்று வந்தது உட்காரவே இல்லை.

பறக்கும் விதத்தை வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்ல யாருக்காவது பழக்கம் உண்டா? அப்புறம், கைபேசியில் படமெடுக்க எப்படி நெருங்குகிறீர்கள்? வலையில் பிடித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.