அம்பை அரிசி ஆலை எலிவேட்டர்: காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேனே, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆலையில் நெல்லை மேலே தூக்கும் பெல்ட் எலிவேட்டர் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தானாக நிற்கிறது, அதை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் லேடர் புரோகிராமில்தான் தப்பு என்று நினைக்கிறேன் என்று. புரோகிராமில் தப்பே இல்லை.

மோட்டார் நின்ற பிறகு லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் எல்லா இன்டர்லாக்கும் (கோளாறு என்றால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு நிபந்தனைகள்) விழுந்துதான் கிடக்கும், எது முதலில் விழுந்தது என்று தெரியாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு லாட்ச் பிட் (விழுந்ததை நினைவில் வைத்திருக்கும் குறி) போட்டு, முதலில் விழுவது மட்டும் பதிவாகி மற்றவை பூட்டிக்கொள்ளும்படி எழுதினேன். இதைச் சொல்லித்தந்த அண்ணனுக்கு ரொம்ப நன்றி. மறுநாள் மத்தியானமே சிக்கியது: கீழ்ப் புல்லியின் வேக சென்சார்.

புல்லியோடு சுழலும் போல்ட் 2 விநாடிக்குள் சென்சாருக்குத் தென்படாவிட்டால் பெல்ட் நழுவுகிறது என்று பிஎல்சி நிறுத்திவிடும். அதிர்வில் சென்சாரின் நட்டு தளர்ந்து, அதற்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி, அது உணரக்கூடிய 4 மில்லிமீட்டர் எல்லையைத் தொட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை அருகில் காட்டினால் விளக்கு எரிந்ததால்தான் முன்பு நல்ல சென்சார் என்று விட்டுவிட்டேன். ஓடும்போது அது பாதி போல்ட்டுகளைத் தவறவிட்டிருக்கிறது. அப்படிச் சோதிப்பதை யாரும் நம்பாதீர்கள்.

இடைவெளியை 2 மில்லிமீட்டராக்கி, இரண்டு நட்டையும் இறுக்கினேன். அந்த 2 விநாடி டைமரைக் கூட்டிவிடலாமே என்று ஆலையில் கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை: பெல்ட் நிஜமாகவே நழுவினால் உராய்வுச் சூட்டில் தூசி தீப்பிடிக்கும். சரி, 11 நாளாக ஒரு தடவையும் நிற்கவில்லை.